சுவரிலே இன்னொரு செங்கல்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம் பற்றிப் பேசவேண்டிய இந்த நேரத்தில் ஓர் ஆங்கில ரொக் பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். நன்னூலும் கம்பராமாயணமும் படிப்பிக்கிற ஒருவனுக்கு இது என்ன வேலை என்று நேயர்களிற் சிலர் நினைக்கக்கூடும். நான் அந்தப் பாட்டைத் தேடிப் போகவில்லை. அதுதான் என்னுடைய மேசைக்கு வந்தது.

2023 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதக் கடைசி. ஆசிரியர் தின விழாவுக்காக எங்கள் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர்கள் ஒரு நிகழ்ச்சி நிரலைத் தயாரித்து அதிபரிடம் கொடுத்திருந்தார்கள். வரவேற்பு நடனம், கவியரங்கு, ஆசிரியர்களுக்கான சங்கீதக் கதிரை என்று வழக்கமானவைதாம். ஏழாவது இடத்தில் கிற்றார் இசையுடன் ஓர் ஆங்கிலப் பாடல் இருந்தது. கலை நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பானவன் என்ற முறையில் அதிபர் அந்தத் தாளை என்னிடம் தந்து, "இந்த இங்கிலீசுப் பாட்டின்ரை பொருளை ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றார். ஆசிரியர் அறையில் ஆங்கில ஆசிரியையிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "ஆசிரியர் தினத்துக்கு நல்ல பாட்டாய்த்தான் பார்த்து எடுத்திருக்கினம்" என்றார்.

பாட்டின் பெயர் 'அனதர் பிரிக் இன் த வோல்', இரண்டாம் பகுதி. தமிழிலே சொன்னால், சுவரிலே இன்னொரு செங்கல். பாடியவர்கள் பிங்க் ஃபுளோய்ட் என்ற பிரித்தானிய இசைக்குழுவினர்.

நேயர்களே, இக்குழுவினர் தனிப் பாட்டுகளால் பெயர் பெற்றவர்கள் அல்லர். நீண்ட இசைக்கோவைகளே அவர்களுடைய துறை. 1968 ஆம் ஆண்டுக்குப் பின்னர் தங்கள் சொந்த நாட்டில் ஒரு தனிப்பாட்டு இசைத்தட்டையேனும் அவர்கள் வெளியிடவில்லை. அப்படிப்பட்டவர்கள் 1979 நவம்பரில் இந்தப் பாட்டை வெளியிட்டார்கள். அந்த ஆண்டு நத்தார்க் காலத்தில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் அதுவே முதலிடத்தில் இருந்தது. ஐந்து வாரங்கள் அந்த இடத்தை விட்டு இறங்கவில்லை. 1980 மார்ச்சில் அமெரிக்காவிலும் முதலிடத்தை அடைந்து நான்கு வாரங்கள் நின்றது. 'த வோல்', அதாவது சுவர், என்ற இரட்டை இசைத்தட்டுத் தொகுதியின் ஒரு துண்டு அது. பிங்க் என்ற கற்பனைப் பாடகன் ஒருவன், வாழ்க்கையில் தனக்கு நேர்ந்த ஒவ்வோர் அடியையும் ஒரு செங்கல்லாக அடுக்கி, தன்னைச் சுற்றி ஒரு சுவரை எழுப்பிக்கொள்கிறான். இதுதான் தொகுதியின் கதை. போரிலே தந்தையை இழந்தது ஒரு கல். பள்ளிக்கூடம் அடுத்த கல்.

பாட்டு மிகச் சிறியது. கல்வி தங்களுக்கு வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எண்ணங்களைக் கட்டுப்படுத்துவது வேண்டாம் என்கிறார்கள். வகுப்பறையிலே இருண்ட எள்ளல் வேண்டாம் என்கிறார்கள். பிறகு ஆசிரியர்களை விளித்து, பிள்ளைகளைச் சும்மா விட்டுவிடும்படி கேட்கிறார்கள். இவ்வளவுதான்.

முதல் அடியைப் படித்த மாத்திரத்தில் எனக்குள் இருந்த இலக்கண ஆசிரியன் எழுந்து நின்றுவிட்டான். ஒரே வாக்கியத்தில் இரண்டு எதிர்மறைகள்! இரண்டு எதிர்மறை சேர்ந்தால் ஓர் உடன்பாடு என்று தமிழிலும் படிப்பிக்கிறோம்; ஆங்கிலப் பாடநூல்களும் அதையே சொல்கின்றன. 'இல்லாமல் இல்லை' என்றால் 'இருக்கிறது' என்றுதானே பொருள்? அப்படிப் பார்த்தால், கல்வி வேண்டாம் என்று கத்துகிற பிள்ளைகள் உண்மையில் கல்வி வேண்டும் என்றே கேட்கிறார்கள். 'இந்த வாக்கியமே இவர்களுக்குக் கல்வி தேவை என்பதற்குச் சான்று' என்று அந்த நாட்டிலே பலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டாம். நானும் முதல்நாள் அப்படித்தான் சிரித்தேன்.

ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. இலண்டன் தெருக்களில் உழைக்கும் மக்கள் பேசுகிற ஆங்கிலத்தில் இரண்டாவது எதிர்மறை முதலாவதை அழிப்பதில்லை, மேலும் அழுத்துகிறது. அது வகுப்பறைக்குப் பிழை, தெருவுக்கு இயல்பு. பாட்டை எழுதியவர் நன்றாகப் படித்தவர். திருத்தமாக எழுதத் தெரியாமல் அவர் இப்படி எழுதவில்லை. திருத்தமான வாக்கியத்தில் எழுதியிருந்தால் அது ஆசிரியரின் குரலாகியிருக்கும். பிள்ளையின் குரலாக இருந்திராது.

நம்முடைய இலக்கணகாரர் இதை அறியாதவர்கள் அல்லர். வழு என்று ஒன்றைச் சொன்னவர்கள், வழுவமைதி என்று இன்னொன்றையும் சொன்னார்கள். பிழையாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. வீட்டுப் பசுவைக் கண்ட மகிழ்ச்சியில் 'என் அம்மா வந்துவிட்டாள்' என்று ஒருவர் சொன்னால், அஃறிணையை உயர்திணையாக்கிவிட்டார் என்று நாம் சிவப்பு மையால் கோடு போடுவதில்லை. உவகை காரணமாக அமைத்துக்கொள்கிறோம். நன்னூலார் இத்தகைய காரணங்கள் ஐந்தைச் சொல்கிறார். அவற்றுள் ஒன்று செறல், அதாவது சினம். அவர் அதைத் திணைக்கும் பாலுக்கும்தான் சொன்னார். நான் அதை ஆங்கில எதிர்மறைக்கும் நீட்டிக்கொண்டேன். பவணந்தி முனிவர் பொறுத்துக்கொள்வாராக.

அந்தச் சினம் யாருடையது என்று பார்ப்போம்.

பாட்டை எழுதியவர் ரொஜர் வோட்டர்ஸ். 1943 செப்ரெம்பரில் பிறந்தவர். அவருடைய தந்தை எரிக் ஃபிளெச்சர் வோட்டர்ஸ் ஓர் ஆசிரியர். போர் கூடாது என்ற மனச்சாட்சியோடு முதலில் ஆயுதமேந்த மறுத்து, இலண்டன் மீது குண்டுகள் விழுந்த காலத்தில் அம்புலன்ஸ் வண்டி ஓட்டியவர். பின்னர் மனம் மாறிப் படையிற் சேர்ந்தார். 1944 பெப்ரவரியில் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் மாண்டார். மகனுக்கு அப்போது ஐந்து மாதம். தாயார் மேரியும் ஓர் ஆசிரியை. ஆசிரியர்களைப் பார்த்து 'எங்களைச் சும்மா விடுங்கள்' என்ற பாட்டை எழுதியவர், நேயர்களே, ஆசிரியத் தந்தைக்கும் ஆசிரியத் தாய்க்கும் பிறந்த பிள்ளை. இந்தச் செய்தியை அறிந்த பிறகு எனக்குப் பாட்டு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது.

அவர் படித்தது கேம்பிரிட்ஜில், ஆண்களுக்கான ஒரு பாடசாலையில், 1950களில். பிரம்பு சட்டப்படி ஆண்ட காலம். பிரித்தானிய அரச பாடசாலைகளில் அடியைத் தடைசெய்யும் சட்டம் 1986 இல்தான் நிறைவேறியது. ஆயினும் பாட்டிலே பிரம்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். எள்ளல்தான் இருக்கிறது. அடி வாங்கிய கை மாலையிலே ஆறிவிடும் என்பது அந்தத் தலைமுறை மாணவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது 1982 இல் அலன் பார்க்கர் இயக்கிய திரைப்படம். வகுப்பிலே சிறுவன் பிங்க் களவாக ஒரு கொப்பியில் கவிதை எழுதிக்கொண்டிருக்கிறான். ஆசிரியர் கண்டுவிடுகிறார். கொப்பியைப் பறித்து, முழு வகுப்பும் கேட்க, நையாண்டிக் குரலில் அதை வாசிக்கிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பிறகு அடிமட்டத்தால் அவன் கையில் ஓர் அடி. உடனே ஒரு நில அளவை வாய்பாட்டுக்குத் திரும்பி, முழு வகுப்பையும் அதை ஒப்புவிக்கச் சொல்கிறார். இங்கே ஒரு குறும்பு உண்டு. அவர் கேலி செய்து வாசிக்கிற அந்தக் கவிதை, 1973 இல் பிங்க் ஃபுளோய்ட் வெளியிட்டுப் பெரும் பொருள் ஈட்டிக்கொடுத்த 'மணி' என்ற பாட்டின் வரிகள்! அதன் பின்னர் முகமூடி அணிந்த பிள்ளைகள் அணிவகுத்துச் சென்று இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் விழுவதும், கதிரை மேசைகளை உடைத்துப் பள்ளிக்கூடத்தைக் கொளுத்துவதும் வருகின்றன. எல்லாம் முடிய, சிறுவன் அதே வாங்கில் இருந்து அடிபட்ட கையைத் தடவிக்கொண்டிருக்கிறான். கலகம் முழுவதும் அவனுடைய பகற்கனவு. அவன் செய்ததெல்லாம் கையைத் தடவியது மட்டுமே.

வோட்டர்ஸ் அந்த ஆசிரியரையும் ஓரளவு புரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறார். இசைத்தட்டிலே இந்தப் பாட்டுக்கு முன்னால் ஒரு சிறு பாட்டு வரும். பகலிலே பிள்ளைகளைத் துன்புறுத்துகிற ஆசிரியர் இரவிலே தன் வீட்டில் துன்புறுகிறவர் என்று அது சொல்கிறது. கல்வியையே எதிர்க்கிற பாட்டு இது அல்லவென்று அவர் பின்னாளிலும் விளக்கியிருக்கிறார். விளக்கம் தேவைப்பட்டது உண்மைதான். கோடிக்கணக்கானவர்கள் கேட்டது முதல் அடியை மட்டுமே.

இப்போது பாட்டின் மிகச் சுவையான பகுதிக்கு வருகிறேன். அது இசைத்தட்டில் இல்லை. இசைத்தட்டு உருவான கதையில் இருக்கிறது.

முதலில் வோட்டர்ஸ் எழுதியது ஒரே ஒரு கண்ணிதான். தயாரிப்பாளர் பொப் எஸ்ரின் என்ற கனேடியர், இதில் ஒரு வெற்றிப் பாட்டு ஒளிந்திருக்கிறது என்று கண்டார். நடன மண்டபங்களில் அக்காலத்திற் பரவியிருந்த டிஸ்கோ தாளத்தை அதற்கு இடச் செய்தார். ஒரே கண்ணியைப் படியெடுத்து இரண்டாம் முறையும் ஒட்டினார். அந்த இரண்டாம் கண்ணியைப் பிள்ளைகள் பாடினால் என்ன என்ற யோசனை எழுந்தது. 1972 இல் அலிஸ் கூப்பருக்குத் தயாரித்த பள்ளி விடுமுறைப் பாட்டில் அவர் ஏற்கெனவே பிள்ளைகளின் குரலைச் சேர்த்துப் பார்த்தவர். குழுவினர் அப்போது லொஸ் ஏஞ்சலிஸில் இருந்தார்கள். ஒலிநாடா இலண்டனுக்கு, அவர்களுடைய சொந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு, அனுப்பப்பட்டது. அங்கிருந்த ஒலிப்பதிவாளர் நிக் கிரிஃபித்ஸ் அருகிலுள்ள இஸ்லிங்டன் கிரீன் பாடசாலைக்கு நடந்து போனார்.

அங்கே இசைத்துறைப் பொறுப்பாசிரியர் அலன் ரென்ஷோ. இசை பிள்ளைகளின் வாழ்க்கையோடு ஒட்டியதாய் இருக்கவேண்டும் என்று நம்பிய மனிதர். கேட்டவுடனே சம்மதித்தார். 13 முதல் 15 வயது வரையான 23 பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். பாட்டின் வரிகளை அதிபருக்குக் காட்டவில்லை. காட்டினால் தடுத்துவிடுவார் என்ற பயம்!

பிள்ளைகள் தேவாலயப் பாடகர்களைப் போல மெருகிட்ட குரலில் பாடவில்லை. விளையாட்டு மைதானத்திலே கத்துகிற குரலில், வட இலண்டன் உச்சரிப்பு மாறாமல் பாடினார்கள். அதை ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பதிந்து 23 குரல்களை ஒரு பெருங்கூட்டமாக்கினார்கள். கேட்பவர்கள் காதில் ஒரு பள்ளிக்கூடமே எழுந்து நிற்பதுபோல் இருக்கிறது. கல்வி வேண்டாம் என்று உலகத்துக்குக் கேட்கக் கத்திய அந்தப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போனவர் ஓர் ஆசிரியர். அன்றைய நாளும் அவர்களுக்கு ஓர் இசைப் பாடம்தானே?

அதிபர் மார்கரெட் மேடனுக்கு விடயம் பின்னர்தான் தெரிந்தது. மகிழ்ச்சி அடையவில்லை. பிள்ளைகள் தொலைக்காட்சியில் தோன்றுவதைத் தடுத்துவிட்டார். பாட்டுக்கான படத்தில் வாயசைத்தவை வேறு பிள்ளைகளின் முகங்கள். பத்திரிகைகள் பாடசாலையைக் கண்டித்தன. அதிகாரிகளும் கண்டித்தார்கள். ஆயினும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது அது ஒரு வளமான இசைக் கல்வியின் பகுதியே என்று அவர் பிற்காலத்திற் சொன்னார். எனக்கு அவர்மீது மிகுந்த மரியாதை. தன் நாற்காலியைக் காப்பாற்ற வேண்டிய அதிபர், தனக்குத் தெரியாமல் காரியம் செய்த ஆசிரியரைப் பற்றி அவ்வளவு சொல்வது சிறிய விடயமல்ல. பாடசாலைக்குக் கிடைத்தது 1,000 பவுண். பிள்ளைகளுக்கு இசைத்தட்டும் இசைநிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டும் கிடைத்தன. உரிமைப் பணம் என்று ஒன்றும் பேசப்படவில்லை. 1996 இல் பிரித்தானியாவின் பதிப்புரிமைச் சட்டம் மாறிய பின்னர், பாட்டு ஒலிபரப்பாகும்போது அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்றாயிற்று. 2004 இல், நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்தப் 'பிள்ளைகள்' சிலர் தேடிப் பிடிக்கப்பட்டு, உரிமை கோரிப் பெற்றார்கள்.

பாட்டு போன இடங்களில் எல்லாம் அதன் முதல் அடி வேறு வேறு பொருள் கொண்டது. தென்னாபிரிக்காவைச் சொன்னால் போதும். 1953 இல் இயற்றப்பட்ட பாண்டு கல்விச் சட்டம், கறுப்பினப் பிள்ளைகளுக்கு வெள்ளையருக்குக் கீழ்ப்பட்ட வேலைகளுக்கு வேண்டிய அளவு கல்வியே போதும் என்ற எண்ணத்தில் எழுந்தது. 1980 இல் அங்கே மாணவர்கள் வகுப்புகளைப் பகிஷ்கரித்தபோது இந்தப் பாட்டைப் பாடினார்கள். அரசாங்கம் அதே ஆண்டு மே மாதத்தில் பாட்டைத் தடைசெய்தது. அந்தப் பிள்ளைகள் வேண்டாம் என்றது எந்தக் கல்வியை என்பதில் ஐயம் இல்லை. நல்ல கல்வி வேண்டும் என்பதற்காகவே அந்தக் கல்வி வேண்டாம் என்றார்கள். இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடு என்ற எங்கள் விதி அங்கே வேறொரு விதமாகப் பலித்துவிட்டது!

இவற்றையெல்லாம் நான் தேடி வாசித்தது மூன்று இரவுகளில். நிகழ்ச்சி நிரலைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தேன். பாட்டின் பொருள் விளங்காததால் அல்ல. திரைப்படத்தின் அந்தக் கொப்பிக் காட்சி என்னை விடவில்லை.

நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்கு நான்கு உவமைகள் சொல்கிறது. அவற்றிலொன்று மடற்பனை. கருக்கு மட்டை கழிக்காத பனை யாரையும் ஏறவிடாது. தானாய் விழுத்தினால்தான் பழம். பனங்காணியில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கழற்குடம், பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பன மற்றவை. எள்ளுகிற ஆசிரியருக்கு அந்த நான்கிலே ஓர் உவமையும் இல்லை. தொல்காப்பியரோ நகைச்சுவை பிறக்கும் இடங்கள் நான்கினுள் எள்ளலையே முதலில் வைத்தார். வகுப்பிலே ஆசிரியர் ஒருவனை எள்ளும்போது நாற்பது பேர் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பின் ருசி எனக்குத் தெரியும்.

2010 ஆம் ஆண்டு. நான் ஆசிரியப் பணிக்கு வந்து மூன்று ஆண்டுகள். வேறொரு பாடசாலை. தரம் 10 இல் அன்று மரபுச் சொற்கள் பாடம். காகம் கரையும், கிளி கொஞ்சும், சேவல் கூவும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். பின் வாங்கில் ஒரு பையன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். கவிதை. விடியுமுன் அம்மம்மாவின் இருமல் கூவியது என்று ஓரிடத்தில் எழுதியிருந்தான். நான் அதை உரத்து வாசித்தேன். கவியரங்கத் தலைவர் போலக் குரலை மாற்றி வாசித்தேன். "இருமல் கூவுமோ? அப்ப சேவல் இருமுமோ?" என்று கேட்டேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அவனும் சிரித்தான் என்றே அன்று நினைத்தேன்.

பிரம்பை நான் தொட்டதில்லை. பட்டப்பின் கல்வி டிப்ளோமா வகுப்பிலே சிறுவர் உளவியல் படித்தவன். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. அந்தப் பையன் அதன் பிறகு என் பாடத்தில் கேட்ட கேள்விகளுக்குச் சரியான விடைகளை மட்டும் எழுதினான். கட்டுரையிலும் பிழையில்லை, ஒன்றுமே இல்லை. சாதாரண தரத்தில் தமிழுக்கு சீ சித்தி. அவன் அம்மம்மாவோடு மட்டும் இருக்கிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விடியுமுன் அந்த வீட்டில் அவனை எழுப்பியது சேவல் அல்ல. இருமல்தான் கூவியது. மரபு வழு என்று நான் சொன்னது வழுவமைதி. அதற்கான காரணம் நன்னூலார் சொன்ன ஐந்தில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். நான் கேட்டிருக்க வேண்டியது காரணத்தை.

நான்காம் நாள் அதிபரிடம் போனேன். ரென்ஷோவைப் போல் நான் ஒளிக்கவில்லை. பாட்டின் பொருளை அடி அடியாகச் சொன்னேன். அதிபர் கொஞ்ச நேரம் யோசித்தார். "முன் வரிசையிலை இளைப்பாறின ஆசிரியர்மாரும் இருப்பினம்" என்றார். தெரியும் என்றேன். "அப்ப நீங்கள் பொறுப்பு" என்று கையொப்பமிட்டார்.

விழாவன்று பையன்கள் முதலாம் கண்ணியைத் தயங்கித் தயங்கித்தான் பாடினார்கள். இரண்டாம் கண்ணி வந்தபோது மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து தரம் 8, தரம் 9 பிள்ளைகள் சேர்ந்து கத்தினார்கள். அவர்களுக்கு யார் பழக்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் அருகில் இருந்த, எனக்கே படிப்பித்த ஓர் ஆசிரியர், "என்ன தம்பி பாடுதுகள்?" என்று காதருகில் கேட்டார். பள்ளிக்கூடத்தைப் பற்றி, சேர் என்றேன். தலையாட்டிக்கொண்டு கைதட்டினார்.

அடுத்த மாதம் என்னுடைய கைத்தொலைபேசியின் கண்ணாடி உடைந்தது. நகரத்திலே பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு சிறிய கடைக்குக் கொண்டு போனேன். திருத்திக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்து எழுந்து நின்றான். அவன்தான். தாடி வைத்திருந்தான். இருக்கையைத் துடைத்துத் தந்து, தேநீர் எடுப்பித்து, கால் மணித்தியாலத்தில் புதுக் கண்ணாடி போட்டுத் தந்தான். எவ்வளவு என்றேன். "வேண்டாம் சேர்" என்றான். வற்புறுத்தி மேசையில் வைத்தேன். இன்னும் எழுதுகிறாயா என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. "அம்மம்மா எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டேன்.

"அவ 2012 இலேயே மோசம் போயிட்டா, சேர்" என்றான். பிறகு அடுத்தவரின் தொலைபேசியைக் கையில் எடுத்தான்.